புகாரில் ஒரு ஆள் இருக்க வேண்டும்

வாளையாறு தாண்டினால் பாலக்காடு மாவட்டம். இங்கே தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் பாதிக்குப் பாதி, நகரசபைக் கட்டடத்துக்குள் முழுக்க மலையாளம். எங்கள் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனுக்கு நான் செயலாளர். அதனால் தெருவில் யாருக்கு என்ன தொந்தரவு என்றாலும் என் வீட்டு கேட்டைத்தான் தட்டுவார்கள். கனால் ஓரத்தில் கோழிக் கழிவு, பின்வீட்டில் பிளாஸ்டிக் எரிக்கிறார்கள், மண்டபத்தில் ராத்திரி பதினொரு மணிக்கும் பாட்டு, காலி மனையில் பாம்பு, இன்றைக்கோ நாளைக்கோ சாயப்போகும் மரம்.

இப்படிக் கொண்டுபோன புகார்களில் பல நடந்தன, சில அப்படியே கிடக்கின்றன. நடந்தவற்றை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. புகாரில் ஒரு ஆள் இருந்தால் வேலை நடந்திருக்கிறது. "இங்கே குப்பை கிடக்கிறது" என்று மட்டும் எழுதினால் நகரசபை செய்யக்கூடியது அள்ளிக்கொண்டு போவதுதான். இரண்டு நாளில் மறுபடி கிடக்கும். நோட்டீஸ் என்பது ஒருவர் பெயருக்குப் போக வேண்டிய காகிதம். போட்டவர், மனைக்குச் சொந்தக்காரர், கடை லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர், இவர்களில் ஒருவரைக் காட்டிக் கொடுத்தால் மட்டுமே சட்டத்துக்குப் பிடிமானம் கிடைக்கிறது. இது எங்கள் ஊரில் எப்படி நடந்தது என்று சொல்கிறேன். அடுத்த ஊர்க்காரருக்கும் உதவட்டும்.

கேரளத்தில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 2023 மார்ச் 2-ஆம் தேதி கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்து, பத்து நாளுக்கு மேல் ஊரே புகையில் திணறியது. அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்க உள்ளாட்சிகள் உசாரானார்கள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாவட்டந்தோறும் குப்பை கொட்டுபவர்களைப் பிடிக்க என்ஃபோர்ஸ்மென்ட் ஸ்குவாட் என்ற குழு அமைத்தார்கள். 1994-ஆம் வருடத்து கேரள நகரசபைச் சட்டத்தில் குப்பை பற்றிய பகுதியைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். பொது இடத்திலோ ஆற்றிலோ கொட்டினால் அபராதம் 50,000 ரூபாய் வரை போகலாம், ஜெயிலும் உண்டு. தகவல் கொடுப்பவருக்குப் பரிசுத் தொகையும் உண்டு. வீடுவீடாக வந்து பிளாஸ்டிக் வாங்கும் ஹரித கர்ம சேனைக்கு மாதக் கட்டணம் கட்டாமல் இழுத்தடித்தால், அதை வரி பாக்கி மாதிரி வசூலிக்கவும் வழி செய்திருக்கிறார்கள். இத்தனையும் இருந்தும் எங்கள் கனால் ஓரம் நாறிக்கொண்டுதான் இருந்தது.

மலம்புழை அணையிலிருந்து வரும் கிளைக் கனால் அது. ஓரத்தில் ஒரு வண்டி போகிற அளவுக்கு மண் பாதை. ராத்திரியில் சாக்கு சாக்காக யாரோ கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போவார்கள். அலுவலகத்தில் முதலில் கிடைத்த பதில், கனால் நீர்ப்பாசனத் துறைக்குச் சொந்தம் என்பது. நிலம் எந்தத் துறையுடையதாக இருந்தாலும், நகர எல்லைக்குள் குப்பை கொட்டியவர் மேல் நடவடிக்கை எடுப்பது நகரசபையின் வேலை. இதைச் சண்டை போடாமல், எழுத்தில் ஒரு வரியாகப் புகாரிலேயே சேர்த்துவிடுவது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம். நீர்ப்பாசனத் துறைக்கும் ஒரு நகல் அனுப்பினோம்.

சுகாதாரப் பிரிவிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயது. ஸ்கூட்டரை நிழலில் நிறுத்தி, சீட்டுக்கு அடியிலிருந்து கையுறையும் மடித்து வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும் எடுத்தார். சாக்கைத் தொடும் முன்னால் அது கிடந்த நிலையிலேயே படம் பிடித்தார். கொஞ்சம் தள்ளிப் போய், கனால் மதகும் மின்கம்பத்து நம்பரும் தெரிகிற மாதிரி இன்னொரு படம். அப்புறம்தான் ஷீட்டை விரித்து சாக்கைக் கவிழ்த்தார். மேலே வாழை இலை, முருங்கைக் காம்பு, முட்டை ஓடு. அதற்குக் கீழே குழந்தை டயப்பர் ஒரு மூட்டை. கூரியர் கவர்கள் நாலைந்து இருந்தன, எல்லாவற்றிலும் முகவரிச் சீட்டைக் கவனமாகக் கிழித்திருந்தார்கள். ஒரு குச்சியால் கிளறிக்கொண்டே போனார். கடைசியில் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது கேஸ் சிலிண்டர் ரசீது. பெயர், வீட்டு எண், நுகர்வோர் எண் எல்லாம் அதில் இருந்தது. பக்கத்திலேயே ஒரு பள்ளிப் பரீட்சைத் தாள். நான் போனை எடுத்ததும் தடுத்தார். "கேஸ் ரசீதை எடுத்துக்கோங்க. குழந்தை பேர் இருக்கிற தாளை எடுக்க வேண்டாம், நாளைக்கு அது வாட்ஸ்அப்பில் சுத்தும்" என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

ரசீதில் இருந்த வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போனது. நேரில் வந்தவர், நான் கொட்டவே இல்லை என்று சத்தியம் பண்ணினார். உண்மைதான். ஒரு கூட்ஸ் ஆட்டோக்காரரிடம் சாக்குக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறார். அனுமதி இல்லாதவர் கையில் குப்பையைக் கொடுத்தால் பொறுப்பு கொடுத்தவருக்கும் உண்டு என்று இன்ஸ்பெக்டர் அமைதியாக எடுத்துச் சொன்னார். வீட்டுக்காரர் அபராதத்தைக் கட்டிவிட்டு, ஆட்டோ எண்ணையும் கொடுத்துவிட்டுப் போனார். நூல் பிடித்தது அங்கேதான். அந்த ஆட்டோ பல வீடுகளுக்கும் சில கோழிக் கடைகளுக்கும் சேர்த்து இதே வேலை பார்த்திருக்கிறது. போலீஸ் வண்டியைப் பிடித்து வைத்தது. கனால் ஓரம் மூச்சு விட்டது.

திருநெல்வேலிப் பக்கம் 2024 டிசம்பரில் நடந்ததும் இதே கதைதான், அளவு மட்டும் பெரியது. திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவுகள் கொடகநல்லூர், நடுக்கல்லூர் பக்கம் கொட்டிக் கிடந்தன. குவியலுக்குள்ளே கிடந்த நோயாளிகளின் காகிதங்கள்தான் எங்கிருந்து வந்தது என்று சொல்லிக் கொடுத்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட, கேரளத்து அதிகாரிகளே லாரிகளோடு வந்து திருப்பி அள்ளிக்கொண்டு போனார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற தமிழனாக அந்தச் செய்தியைப் படிக்க வேதனையாக இருந்தது. ஆனால் ஒரு மாநிலத்தையே திரும்ப வரவைத்தது சில காகிதங்கள் என்பதை நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். குவியலைப் பார்த்ததும் தீ வைத்துவிடாதீர்கள். சாட்சியும் சேர்ந்து எரிந்துவிடும்.

வீடியோவுக்கும் இதே பலம் உண்டு. கொச்சிக் காயலில் படகில் போன ஒருவர், கரையில் இருந்த ஒரு பிரபலப் பாடகரின் வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் தண்ணீரில் விழுவதைப் படம் பிடித்திருந்தார். முளவுகாடு பஞ்சாயத்து 25,000 ரூபாய் அபராதம் போட்டது, 2025-இல். உள்ளே இருந்தது மாம்பழக் கொட்டை என்றார்கள். பொருள் சின்னதுதான். எந்த வீடு என்பது படத்தில் சந்தேகமில்லாமல் தெரிந்தது, அதனால் நோட்டீஸ் போக முடிந்தது.

கோழிக் கடை விஷயத்தில் ராத்திரிக் காவல் எல்லாம் தேவையே இல்லை. கேரளத்தில் கோழிக் கழிவை ரெண்டரிங் பிளான்டுக்கு, அதாவது அந்தக் கழிவைப் பதப்படுத்தும் ஆலைக்கு, கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது. கடைக்கு லைசென்ஸ் புதுப்பிக்க, அந்த பிளான்டோடு போட்ட ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். தினமும் எத்தனை கிலோ போனது என்பதற்கு ரசீது இருக்கும். ஆகவே புகாரில் "இந்தக் கடைக்காரர் கொட்டுகிறார்" என்று நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டை எழுதுவதை விட, "இந்த வார்டில் உள்ள கடைகளின் பிளான்ட் ரசீதுகளைச் சரிபார்க்கக் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதினோம். யார் மேலும் பழி இல்லை. ஆனால் நாள் ஒன்றுக்கு நூறு கிலோ கழிவு வர வேண்டிய கடையில் வாரத்துக்கு ஒரு ரசீதுதான் இருந்தால், மீதி எங்கே போனது என்று கேட்க அதிகாரிக்கு வழி கிடைக்கிறது. கடைக்காரருக்கு அபராதத்தை விட லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயம்தான் பெரிது.

காலி மனைக்கும் ஆள் உண்டு. எங்கள் தெருவில் ஒரு மனை காடு பிடித்துப்போய், மழைக்காலத்தில் அணலி (கண்ணாடி விரியன்) வீட்டு வாசல் வரைக்கும் வர ஆரம்பித்தது. சொந்தக்காரர் வெளிநாட்டில் என்று மட்டும்தான் தெரியும். வில்லேஜ் ஆபீஸில் நில வரி யார் பெயரில் போகிறது என்று விசாரித்தால் பெயர் கிடைத்துவிடும். புதரை வெட்டச் சொல்லி நகரசபைச் செயலாளர் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். அவர் செய்யாவிட்டால் நகரசபையே வெட்டி, செலவை அவரிடம் வசூலிக்கலாம். இங்கே நோட்டீஸே போதுமானதாக இருந்தது. அவருடைய தங்கை இதே ஊரில் இருக்கிறார். நோட்டீஸ் நகலைப் பார்த்ததும் ஒரு ஆளை அனுப்பிச் சுத்தம் செய்துவிட்டார். ஆபத்தான மரத்துக்கும் இதே வழிதான். கூடவே ஆர்டிஓ (வருவாய்க் கோட்ட அதிகாரி) அலுவலகத்துக்கும் ஒரு மனு கொடுத்து வைத்தால் நல்லது, காரணம் பின்னால் வருகிறது.

சத்தம் வேறு விவகாரம். மண்டபத்துப் பாட்டுக்கு நகரசபையைப் போய் இரவில் எழுப்பிப் பயனில்லை. 2000-ஆம் வருடத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு என்று வருடத்தில் அதிகபட்சம் 15 நாளுக்கு, நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் போலீசிடம் இருக்கிறது. எனவே அந்த நேரத்தில் 112-க்கு அழைக்க வேண்டும். அழைத்ததற்கு ஒரு எண் கொடுப்பார்கள், அதைக் குறித்து வைக்க வேண்டும். நகரசபையின் பங்கு அப்புறம் வருகிறது. மண்டபத்துக்கு லைசென்ஸ் கொடுப்பது அவர்கள். போலீசுக்கு அழைத்த எண்களும் தேதிகளும் சேர்ந்த ஒரு தாள், லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரத்தில் நகரசபைச் செயலாளர் மேஜையில் இருந்தால், மண்டபக்காரர் தாமாகவே பாட்டுக்காரர்களிடம் ஒன்பதரைக்கு முடித்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறார். எங்கள் பக்கத்து மண்டபத்தில் இப்போது அதை போர்டாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். கல்யாணம் முடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு ராத்திரி. பக்கத்தில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் பெரியவருக்கு முகூர்த்த மாதம் முழுக்க அதே ராத்திரிதான். அவருக்காகவே இதில் நான் விடாப்பிடியாக இருந்தேன்.

நாய் விஷயத்தில் ஒன்று மட்டும். பிடித்துக்கொண்டு போய் வேறெங்காவது விடுங்கள் என்று எழுதினால் அந்தப் புகார் குப்பைக்கூடைக்குத்தான். 2023-ஆம் வருடத்து விதிகளின்படி கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பொதுவாகப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். எந்த முனையில் எத்தனை நாய், எதற்குக் குட்டி இருக்கிறது என்று எழுதி, கருத்தடை வண்டியை அனுப்பச் சொல்லிக் கேட்டால் நடக்க வாய்ப்பு உண்டு.

நடைபாதைக் கடைகளை அகற்றச் சொல்லி எங்கள் அசோசியேஷனில் சிலர் கையெழுத்து வாங்க வந்தார்கள். நான் போடவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் முழம் பூ விற்கும் அக்காவும் பொள்ளாச்சியிலிருந்து இளநீர் கொண்டுவரும் அண்ணனும் தெருவின் வாழ்க்கையைக் கெடுக்கிறவர்கள் இல்லை, அவர்கள்தான் தெரு. 2014-ஆம் வருடத்து தெரு வியாபாரிகள் சட்டம் முதலில் கணக்கெடுக்க வேண்டும், நகர வியாபாரக் குழு கூடி இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது. வழி மறிக்கிறது என்றால் அந்தக் குழுவைக் கூட்டச் சொல்லிக் கேட்கலாம். புகார் என்பது பலம் குறைந்தவர் மேல் பாயும் ஆயுதமாகிவிடக் கூடாது, இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

எந்த மொழியில் எழுதுவது என்று பலர் கேட்கிறார்கள். 1969-ஆம் வருடத்து கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழும் கன்னடமும் பேசுகிறவர்கள் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுத இடம் கொடுத்தது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் அப்படி எழுதலாம். அந்த உரிமையை விடக் கூடாது என்பதால் மனுவைத் தமிழில்தான் எழுதுகிறோம். ஸ்பாட்டுக்கு வரும் அதிகாரி சட்டென்று படிக்கட்டும் என்று மலையாளத்தில் அரைப் பக்கச் சுருக்கம் ஒன்றை மேலே வைக்கிறோம். பத்தாவது படிக்கும் பிள்ளைகள் அழகாக எழுதித் தருகிறார்கள்.

மனு ஒரு பக்கம் தாண்டக் கூடாது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், யார் அல்லது யாருடையது, என்ன செய்யக் கேட்கிறோம். கோபத்தை எழுதினால் மேலே சொன்ன ஒன்று விட்டுப்போகும். ஒரு மனுவில் ஒரே விஷயம்தான் இருக்க வேண்டும். குப்பை, சாக்கடை, தெருவிளக்கு மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் அது மூன்று செக்‌ஷன் சுற்றி எங்கேயாவது உட்கார்ந்துவிடும். 2024 ஜனவரியிலிருந்து நகரசபைகளில் கே-ஸ்மார்ட் என்ற ஆன்லைன் சேவை வந்துவிட்டது. அதில் பதிந்தால் ஃபைல் எண் கிடைக்கும், யார் மேஜையில் நிற்கிறது என்று பார்க்கலாம். கவுன்சிலரிடம் வாயால் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் ஃபைல் எண்ணோடு சொல்லுங்கள். கவுன்சிலர் போய் அழுத்தம் கொடுக்கவும் ஒரு ஃபைல் வேண்டும்.

ஃபைல் நகராமல் நின்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். ஏன் செய்யவில்லை என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் இல்லை என்று சொல்லிவிடலாம். இந்த எண்ணுள்ள ஃபைலில் இதுவரை எழுதிய குறிப்புகளின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். பல தடவை விண்ணப்பம் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே ஸ்பாட் இன்ஸ்பெக்‌ஷன் நடந்துவிடுகிறது. அதற்கும் அசையாவிட்டால், உள்ளாட்சிகள் மேல் புகார் கேட்கவே கேரளத்தில் ஓம்புட்ஸ்மன் இருக்கிறார். வக்கீல் இல்லாமல் சாதாரண ஆளே மனு கொடுக்கலாம். மாவட்டங்களிலும் சிட்டிங் நடக்கும்.

ஆர்டிஓவிடம் ஒரு மனு என்று சொன்னேனே, அதற்கு இதுதான் காரணம். பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி உத்தரவு போடும் அதிகாரம் நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு, ஆர்டிஓ அப்படி ஒரு மாஜிஸ்திரேட். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சிஆர்பிசி-யில் பிரிவு 133. 2024 ஜூலை 1 முதல், அதன் இடத்தில் வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் பிரிவு 152. இந்தப் பிரிவுக்கு உயிர் கொடுத்த தீர்ப்பு 1980-இல் வந்தது. மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகரில் ஒரு வார்டு மக்கள், திறந்த சாக்கடையும் நாற்றமும் தாங்காமல் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். நகரசபை, எங்களிடம் காசில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சொன்னது. சுகாதாரம் என்பது நகரசபையின் அடிப்படைக் கடமை, பணமில்லை என்று அதிலிருந்து கழன்றுகொள்ள முடியாது என்று தீர்ப்பாகியது. எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பாலக்காடு வைத்தியநாதபுரத்தில் 1915-இல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் மண்ணில் பிறந்தவரின் தீர்ப்பை எங்கள் மனுக்களில் எடுத்துக்காட்டும்போது எனக்கு நிஜமாகவே நெஞ்சு நிமிர்கிறது. "ஃபண்ட் இல்லை" என்ற பதில் எழுத்தில் வந்த அன்று, இந்தத் தீர்ப்பின் பெயரைச் சேர்த்து அடுத்த மனுவை எழுதுங்கள்.

அபராதம் போட்டாலும் இடம் அப்படியே இருந்தால் அடுத்தவர் வந்து கொட்டுவார். கனால் ஓரத்தில் ஆட்டோவைப் பிடித்த பிறகு தெருவிளக்குக்குத் தனியாக மனு கொடுத்தோம், வந்தது. கல்லூரி என்எஸ்எஸ் பிள்ளைகள் குப்பை மேடுகளைச் சின்னத் தோட்டமாக்கும் சிநேகாராமம் திட்டத்தில் அந்த இடத்தையும் சேர்க்கக் கேட்டிருக்கிறோம். பின்வீட்டில் பிளாஸ்டிக் எரித்த விவகாரத்தில் மனுவே கொடுக்கவில்லை. ஹரித கர்ம சேனைச் சேச்சியிடம் விசாரித்தால், அவர்கள் வரும் நாளில் அந்த வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுகிறார்களாம். இப்போது அந்த வீட்டுப் பை எங்கள் திண்ணையில் இருந்து போகிறது, கட்டண ரசீது அவர்கள் பெயரில் வருகிறது. 2025 டிசம்பரில் தேர்தல் முடிந்து புதிய கவுன்சில் வந்திருக்கிறது. வரும் வார்டு சபைக்குக் கொண்டுபோக நான் எழுதி வைத்திருப்பது ஒரே ஒரு கோரிக்கை: யார் யாருக்கு நோட்டீஸ் போனது, எத்தனை வசூலானது, எத்தனை நிலுவையில் நிற்கிறது என்ற பட்டியலை மாதாமாதம் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும்.